அக்காவின் சீசன் ரிக்கற்

மீன் தொழிற்சாலையில் மூன்று கிழமை லீவு கேட்டு, மேற்பார்வைக்காரியோடு ஒரு மாதம் முகம் முறித்து, நோர்வேயிலிருந்து நான் திருகோணமலைக்குப் போனது ஊர் பார்க்க அல்ல. தவமணி அக்காவைக் கண்டிக்குக் கூட்டிக்கொண்டு போக. என்னிலும் எட்டு வயது மூத்தவள், கலியாணம் கட்டாதவள். கண்ணுக்குள் அமுக்கம் கூடிவிட்டது, இடது கண் ஏற்கெனவே மங்கிவிட்டது, ஒப்பரேசனைக் கண்டியில்தான் செய்யலாம், பிந்தினால் இரண்டு கண்ணும் போய்விடும் என்று டொக்டர் எழுதிக் கொடுத்த துண்டைக் கடிதத்தோடு சேர்த்து அனுப்பியிருந்தாள். வேறு ஒரு விஷயத்தை அவள் எழுதவில்லை. அதை எழுதியிருந்தால் நான் ஆறு கிழமை லீவு கேட்டிருப்பேன்.

கொழும்பிலிருந்து பஸ்ஸில் வந்தேன். இறங்கச் சொன்னார்கள், இறங்கினோம். நடக்கச் சொன்னார்கள், நடந்தோம். பஸ் வெறுமையாக வந்து எங்களை ஏற்றிக்கொண்டு அடுத்த தடைமுகாமில் திரும்ப இறக்கியது. யுத்த காலத்தில் அந்த வழியில் போனவர்களுக்கு இது புதினமல்ல. எனக்கு மட்டும் ஒவ்வொரு இடத்திலும் இரண்டு மடங்கு நேரம் எடுத்தது. சிவப்புக் கடவுச்சீட்டுக்குள் பொட்டு வைத்த படம் இருப்பது ஆமிக்காரர்களுக்குப் பிடிபடவில்லை. ஒருவன் புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்து நோர்வே எந்தப் பக்கம் இருக்கிறது என்று கேட்டான். வடக்கே என்று சொன்னேன். சொல்லியிருக்கக்கூடாத சொல். அதற்கும் பத்து நிமிடம் போனது.

சாப்பிட, மீன் வைத்துச் சுட்ட ஒரு மாலுபாண் வாங்கினேன். வெளியே கல், உள்ளே உருளைக்கிழங்கு. மீன் இருந்ததற்கு மணம் மட்டுமே சாட்சி. தம்பலகாமத்துக்குக் கிட்ட வந்ததும் பஸ் சூடேறி நின்றுவிட்டது. ட்ரைவர் வாய்க்காலில் தண்ணீர் அள்ளி அள்ளி ஊற்றினார். நாலு மணிக்குமேல் வீதியைப் பூட்டிவிடுவார்கள் என்று பின்னால் இருந்த மனிசி எல்லாருக்கும் கேட்கத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு வந்தா. பூட்டுவதற்குக் கொஞ்சம் முந்தி ஊர் போய்ச் சேர்ந்தோம்.

துறைமுகத்துக்குப் போகிற வீதியில், ஒரு சாமான் கடைக்குப் பின்னால் ஒற்றை அறையில் அக்கா இருந்தாள். சாம்பல்தீவில் எங்கள் வீடு எரிந்த பிறகு அவளுக்கு அதுதான் வீடு. எனக்குத் தேத்தண்ணி ஊற்றியவள் அரைவாசியைக் கோப்பைக்கு வெளியே ஊற்றினாள். கோப்பை சரியில்லை என்றாள். நான் மேசையைத் துடைத்தேன். நாளைக்கே ஆமியிடம் பயணப் பாஸ் எடுத்து நாளன்றைக்குக் கண்டிக்குப் போவோம், அடையாள அட்டையை எடுத்து வையுங்கள் என்றேன்.

"காட் இல்லை" என்றாள். "ஊரை விட்டு ஓடேக்கை பையோடை போச்சு."

ஐந்து வருசமாக அவளிடம் அடையாள அட்டை இல்லை. கிராம சேவகர் தந்த ஒரு துண்டை வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கும் சந்தைக்கும் போய்வந்திருக்கிறாள். அந்தத் துண்டு திருகோணமலை ரவுணுக்குள் மட்டும் செல்லும். அட்டை இல்லாமல் பாஸ் இல்லை, பாஸ் இல்லாமல் கண்டி இல்லை. ஏன் எழுதவில்லை என்று கேட்டேன். எழுதினால் நீ வந்திருக்கமாட்டாய் என்றாள். அது என் எரிச்சலை இன்னும் கூட்டியது.

அடுத்த நாள் அடையாள அட்டைக் கந்தோருக்குப் போனோம். வாசலிலிருந்து மதில் வரை சனம். முக்கால்வாசிப் பேர் அக்காவைப் போல ஓடும்போது அட்டையைத் தொலைத்தவர்கள். மூன்று மணித்தியாலம் நின்று உள்ளே போனால், மேசைக்குப் பின்னால் இருந்த கிளாக்கர் நல்ல மனுசன்தான். அவர் நல்ல மனுசனாக இருந்தது எனக்கு உதவவில்லை. கத்த ஆள் இல்லாமல் போய்விட்டது. இலக்கம் என்ன என்று கேட்டார். அக்காவுக்குத் தெரியவில்லை. பிறந்த வருசமும் நாளும் தெரிந்தால் முதல் ஐந்து இலக்கத்தைத் தானே போட்டுக்கொள்வேன், கடைசி நாலுதான் வேண்டும் என்றார்.

"நம்பர் இருந்தால் ஒரு கிழமைக்குள்ளை தற்காலிகக் கடிதம் தரலாம், அம்மா. நம்பர் இல்லாட்டிக் கொழும்பிலை கையாலைதான் தேடவேணும். எப்ப வரும் எண்டு எனக்குச் சொல்ல ஏலாது."

என்னுடைய பழைய அடையாள அட்டை இலக்கம் எனக்கு இன்றைக்கும் மனப்பாடம். ஒன்பது வருசம் தட்டெழுத்துச் சொல்லிக்கொடுத்த மனிசிக்கு நாலு இலக்கம் நினைவில்லையா என்று வீதியில் வைத்தே கேட்டுவிட்டேன். அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டு கொஞ்சத் தூரம் என்னை விட்டு நடந்தாள். பிறகு வீதி தெரியாமல் நின்றாள். நான் போய்க் கையைப் பிடித்தேன். அப்படிப் பிடித்துக்கொண்டு நடக்கும்போதுதான் எனக்கு அக்காவின் பழைய பஸ் சீசன் ரிக்கற் நினைவுக்கு வந்தது.

நோர்வேயில் பத்துப் பயணத்துக்கு ஒரு அட்டை உண்டு. பஸ்ஸில் ஏறியதும் அதை ஒரு பெட்டியின் வாய்க்குள் நுழைத்தால் ஓரத்தில் ஒரு கடி கடித்துவிட்டுத் தரும். பத்துக் கடி முடிந்தால் வேறு அட்டை. அதில் பெயரும் இல்லை, படமும் இல்லை. எங்கள் வீட்டில் நாலு பேரும் ஒரே அட்டையில் போவோம். எங்கள் ஊர்ச் சீசன் அப்படிப்பட்டதல்ல. உள்ளங்கை அகல மட்டை. மேலே பெயர். மூலையில் முத்திரையளவு படம், படத்தில் பாதியும் மட்டையில் பாதியும் விழும்படி டிப்போச் சீல். எந்த ஊரிலிருந்து எந்த ஊருக்கு என்று பேனையால் எழுதியிருக்கும். பின்பக்கம் பன்னிரண்டு கட்டம். மாதம் பிறக்க முந்தி டிப்போ யன்னலில் வரிசையில் நின்று அந்த மாதக் கட்டத்தில் சீல் குத்துவிக்கவேண்டும். குத்திவிட்டால் ஞாயிறு தவிர மற்ற நாளெல்லாம் அந்த இரண்டு ஊருக்குமிடையில் எத்தனை தரமும் போகலாம், வரலாம். ஒரு தரிப்புத் தாண்டினாலும் தனி ரிக்கற் எடுக்கவேண்டும். சீசன்காரரைக் கண்டால் கொண்டக்டர்மாருக்குப் பிடிக்காது. வாசலில் ஏறும்போதே "சீசனெல்லாம் பின்னுக்குப் போ" என்பார்கள். அக்கா சாம்பல்தீவிலிருந்து ரவுணில் இருந்த தட்டெழுத்து வகுப்புக்கு ஒன்பது வருசம் அப்படிப் பின்னுக்குப் போனவள். மட்டையைப் பொலித்தீனில் சுற்றிப் பைக்குள் ஊசியால் குத்தி வைத்திருப்பாள்.

எனக்குப் பதினேழு வயதில் அவளுக்கு உடம்பெல்லாம் கொப்பளிப்பான் போட்டது. படுத்துக்கிடந்த இரண்டு கிழமையும் அவளுடைய சீசனில் நான் பள்ளிக்கூடம் போனேன். இரண்டு பேருக்கும் ஒரே மூக்கு. கொண்டக்டர் ஒரு நாளும் கேட்கவில்லை. டிப்போவில் சீசன் எழுதுகிற ஹனிபா என்பவர் ஒரு நாள் பஸ் நிலையத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். மட்டையை வாங்கினார், படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மட்டையைத் தன்னுடைய சட்டைப்பைக்குள் வைத்தார். சுகமான பிறகு அக்கா அடையாள அட்டையோடு போய் மன்றாடித்தான் அதைத் திரும்ப எடுத்தாள். அப்போது அவர் அவளுடைய இலக்கத்தைச் சிவப்பு மையால் மட்டையிலும் பெரிய பதிவுப் புத்தகத்திலும் எழுதினார் என்று வீட்டில் வந்து அழுதுகொண்டு சொன்னது எனக்கு நன்றாக நினைவிருந்தது.

மட்டையும் பையோடு போய்விட்டது. பதிவுப் புத்தகம் எங்கே?

டிப்போவில் கேட்டேன். பழைய கட்டடத்துக்குக் கூரை இல்லை. புதிய ஆட்களுக்குப் பழைய புத்தகம் பற்றித் தெரியாது. ஒருவர் மட்டும், ஹனிபா காக்கா பென்சன் எடுத்து மூதூரில் இருக்கிறார், போய்க் கேட்டுப் பாருங்கள் என்றார். மூதூர் கொட்டியாரக் குடாவுக்கு அந்தப் பக்கம். தரையால் போகும் வழியில் ஆறு கடக்கிற ஒரு துறைப் படகும் ஓடாத காலம். கடலால், லோஞ்சில்தான் போகவேண்டும். அக்காவிடம் அட்டை இல்லாதபடியால் அவளால் லோஞ்சு கட்டுகிற ஜெட்டிக்குள்ளேயே போக ஏலாது.

மூன்றாம் நாள் நான் தனியே போனேன். ஜெட்டியில் கடற்படைக்காரர் எல்லாருடைய அட்டைகளையும் ஒரு வாளிக்குள் போட்டு வாங்கிக்கொண்டு போனார்கள். பிறகு ஒவ்வொன்றாக எடுத்துப் பெயர் கூப்பிட்டார்கள். சிங்கள வாயில் எங்கள் பெயர்கள் படுகிற பாட்டில் யாருக்கும் தன் பெயர் விளங்கவில்லை. என் கடவுச்சீட்டு வாளியின் அடியில் கிடந்தது. ஒன்றரை மணித்தியாலம் வெயிலில் நின்று ஏறினால், குடாவின் நடுவில் லோஞ்சின் எஞ்சின் நின்றுபோனது. ஆட்டத்தில் நான் காலையில் தின்ற இடியப்பம் முழுவதையும் கடலுக்குக் கொடுத்தேன். பக்கத்தில் இருந்த கட்டைபறிச்சான்காரி ஒருத்தி தேசிக்காயை நகத்தால் கீறி என் மூக்குக்கு நேரே பிடித்தாள். கடைசியில் ஒரு மீன்பிடி வள்ளம் எங்களைக் கயிறு கட்டி இழுத்து, புறப்பட்ட ஜெட்டிக்கே கொண்டுவந்து விட்டது. இறங்கியவர்களையும் சோதித்தார்கள். எங்கேயிருந்து வருகிறீர்கள் என்று கேட்டார்கள். இங்கேயிருந்துதான் என்று சொன்னேன்.

நாலாம் நாள் போய்ச் சேர்ந்தேன். ஹனிபா காக்கா முற்றத்தில் கதிரை போட்டு இருந்தார். அதே சட்டைப்பை, அதே இரண்டு பேனை, தலை மட்டும் நரைத்துவிட்டது. நான் யார் என்று சொன்னதும், சொல்லி முடிக்க முந்தி, "சீசன் களவு" என்றார். பதினெட்டு வருசத்துக்குப் பிறகு.

புத்தகங்கள் அவரிடந்தான் இருந்தன. டிப்போவின் கூரை போன நேரம் மழைக்கு நனையாமல் சீசன் பதிவுகள் மூன்றையும் லோஞ்சில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்திருக்கிறார். வந்து எடுத்துக்கொண்டு போங்கள் என்று மேலிடத்துக்கு மூன்று கடிதம் எழுதியும் ஒருவரும் வரவில்லை. அலுமாரியைத் திறக்காமலே இதையெல்லாம் சொன்னார். அக்காவின் இலக்கத்தை மட்டும் பார்த்துச் சொல்லுங்கள் என்று கேட்டேன். விண்ணப்பம் எழுதித் தாருங்கள் என்றார்.

நான் அவரையே பார்த்தேன். கண் போகப்போகிற ஒரு மனிசியின் நாலு இலக்கத்துக்கு, பென்சன் எடுத்த மனிதர், தன்னுடைய முற்றத்தில் வைத்து, விண்ணப்பம் கேட்கிறார். எழுதினேன். திகதி போடவில்லை என்று திருப்பித் தந்தார். போட்டேன்.

அவருடைய மனைவி என்னைக் குசினிக்குள் கூப்பிட்டுப் பிட்டும் மீன் ஆணமும் தந்தா. நேற்றைய வாந்திக்குப் பிறகு நான் தின்ற முதல் சாப்பாடு. அப்போது மெதுவாக ஒரு விஷயம் சொன்னா. அவர்களுடைய ஒரே மகன் ஒரு காலை லோஞ்சில் ரவுணுக்குப் போனவன். ஜெட்டியில் இறங்கியதைக் கண்டவர்கள் இருக்கிறார்கள். அதற்குமேல் ஒருவரும் காணவில்லை. மூன்று மாதம் காக்கா தினமும் போய்த் தேடினார். பிறகு ஒரு நாள் திரும்பி வந்தவர், அதற்குப் பின் கடல் தாண்டவில்லை. நாலு வருசமாகிவிட்டதாம்.

நான் வெளியே வந்தபோது அவர் புத்தகத்தை விரித்து வைத்திருந்தார். அக்காவின் பெயர், சாம்பல்தீவு, இரட்டைப் பின்னலோடு படம், பக்கத்தில் சிவப்பு மையில் இலக்கம். பார்த்தவுடன் துண்டில் எழுதப் போனேன். அவர் கையால் மறைத்தார்.

"புள்ள, நீங்க எழுதிக்கொண்டு போனா அது உங்கட எழுத்து. கந்தோர்ல எடுக்க மாட்டானுகள். நான் பென்சன் எடுத்தவன், என்ர கையெழுத்தும் செல்லாது. புத்தகந்தான் போகணும்."

அப்படியென்றால் புத்தகத்தைத் தாருங்கள் என்றேன். அரசாங்கச் சாமானை வெளியாளிடம் கொடுக்க முடியாது என்றார். புத்தகத்தை மூடினார். பிறகு மனைவியைக் கூப்பிட்டுத் தன்னுடைய வெள்ளைச் சட்டையை எடுத்துவரச் சொன்னார். அவ எடுத்துவரவில்லை. வாசலில் நின்று அவரைப் பார்த்தபடி இருந்தா. அவரே உள்ளே போய் உடுத்திக்கொண்டு, புத்தகத்தைப் பொலித்தீனில் சுற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வந்தார்.

லோஞ்சில் அவர் புத்தகத்தை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்தபடி இருந்தார். ஜெட்டி தெரியத் தொடங்கியதும் கண்ணை மூடிக்கொண்டார்.

கடற்படைக்காரன் பொலித்தீனைப் பிரித்தான். அதற்குள் நானூறு, ஐந்நூறு பேருடைய பெயர், ஊர், படம், அடையாள அட்டை இலக்கம். முக்கால்வாசியும் தமிழ்ப் பெயர். அவன் இரண்டு பக்கம் புரட்டிவிட்டு ஓடிப்போய் ஒரு அதிகாரியைக் கூட்டிக்கொண்டு வந்தான். அப்போதுதான் எனக்கு நாங்கள் எதைக் காவிக்கொண்டு வந்திருக்கிறோம் என்று உறைத்தது. அவர்கள் கையில் போனால் அது ஆள் பிடிக்கிற பட்டியல். அதிகாரி புத்தகத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போகத் திரும்பினான். காக்கா சிங்களத்தில் அவனை நிற்கச் சொன்னார். அவர் சொன்னதை எனக்குப் பிறகு தமிழில் சொன்னார்.

"எடுக்கிறதெண்டா எடுங்க, மாத்தயா. ஆனா எடுத்ததா இந்தத் தாள்ல கையெழுத்து வைக்கணும். பேர், பதவி, திகதி. என்ர மகனக் கொண்டு போனவங்ககிட்ட நான் கையெழுத்து வாங்கல்ல. அது என்ர பிழை."

பேனையை நீட்டிக்கொண்டு நின்றார். அதிகாரி அவரையும் பேனையையும் பார்த்தான். பஸ் சீசனுக்கு ஏன் அடையாள அட்டை இலக்கம் என்று கேட்டான். ஒருத்தருடைய சீசனில் இன்னொருத்தர் போகிறதைத் தடுக்க என்றார் காக்கா. இந்தா நிற்கிறாவே, இவ செய்த களவுக்குப் பிறகுதான் எல்லாருடைய இலக்கத்தையும் எழுதத் தொடங்கினேன் என்று என்னைக் காட்டினார். நாற்பது பேர் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நோர்வேப் பிரஜை, இரண்டு பிள்ளைகளின் தாய், சீசன் கள்ளி. அதிகாரி சிரிக்கவில்லை. இன்னும் கொஞ்ச நேரம் பக்கங்களைப் புரட்டிவிட்டு, புத்தகத்தைத் தானே பொலித்தீனில் சுற்றிக் காக்காவின் கையில் கொடுத்தான்.

கந்தோரில் அக்கா, நான் காலையில் சொல்லிவிட்டுப் போனபடி, வரிசையில் நின்றாள். கிளாக்கர் பக்கத்தைப் பார்த்தார், இலக்கத்தை எழுதினார், வெள்ளிக்கிழமை வாருங்கள், கடிதம் தருகிறேன் என்றார். ஐந்து நிமிடம்கூடப் போகவில்லை. மூன்று மணி லோஞ்சுக்குக் காக்காவை ஏற்றிவிடவேண்டும் என்று நான் அவசரப்பட்டேன். ஆனால் வெளியே வந்தபோது, வரிசையில் நின்ற ஒருத்தி, அது என்ன புத்தகம் என்று அக்காவிடம் கேட்டாள். அக்கா சொன்னாள். அந்தச் சொல் மதில் வரை போனதை நான் கண்ணால் கண்டேன். வரிசை குலைந்தது.

"நான் நிலாவெளிச் சீசன், காக்கா. என்ரை பேர் இருக்கோ பாருங்கோ" என்றாள் ஒருத்தி. கிண்ணியாவிலிருந்து வந்த ஒரு மனிதர் தன் தகப்பனுடைய பெயரைச் சொன்னார். பள்ளிக்கூட உடுப்போடு எடுத்த படம் என்று இன்னொருத்தி.

காக்கா மதிலோரத்து வாங்கிலில் உட்கார்ந்தார். புத்தகத்தை மடியில் விரித்தார். ஒவ்வொருவரும் விண்ணப்பம் எழுதவேண்டும், திகதி போடவேண்டும் என்றார். லோஞ்சு போய்விடும் என்று நான் சொன்னேன். அவர் எனக்கு ஒரு பேனையைத் தந்து, எழுதத் தெரியாதவர்களுக்கு எழுதிக் கொடுங்கள் என்றார். லோஞ்சு போய்விட்டது. அன்றைக்கும் மறுநாளுமாக நான் எழுபது, எண்பது விண்ணப்பம் எழுதியிருப்பேன். எல்லாருக்கும் பெயர் கிடைக்கவில்லை. கிடைத்த சிலர், தங்களுடைய பதினெட்டு வயது முகத்தைப் பார்த்துவிட்டு இலக்கத்தை எழுத மறந்து நின்றார்கள். ஒரு தாய் மகளின் பெயரைக் கேட்டாள், படத்தைக் கண்டாள், இலக்கம் தனக்குத் தேவையில்லை, படத்தைக் கொஞ்ச நேரம் பார்க்க விடுங்கள் என்றாள். காக்கா அவளிடம் விண்ணப்பம் கேட்கவில்லை. பக்கத்தைத் திருப்பாமல், அவள் போதும் என்று எழும்பும்வரை காத்திருந்தார். மூன்றாம் நாள் அவரைக் கொண்டுபோய் லோஞ்சில் ஏற்றினோம்.

வெள்ளிக்கிழமை என்றது செவ்வாய்க்கிழமையாகி, கடிதமும் பாஸும் கிடைத்து, கண்டிக்குப் போனோம். வலது கண்ணைக் காப்பாற்றிவிட்டார்கள். இடது கண் முடிந்துவிட்டது. ஆறு மாதம் முந்தி வந்திருந்தால் அதையும் பார்த்திருக்கலாம் என்று டொக்டர் அமைதியாகச் சொன்னார். நான் வெளியே போய் ஆஸ்பத்திரிச் சுவரோடு நின்று அழுதேன். யாரைத் திட்டுவது என்று தெரியவில்லை. நாலு இலக்கத்துக்காக ஒரு கண்.

கட்டு அவிழ்த்து இரண்டு நாளைக்குப் பிறகு திருகோணமலை பஸ்ஸில் ஏறினோம். என் லீவு முடிய இன்னும் மூன்று நாள். கொண்டக்டர் கையால் எழுதிய இரண்டு ரிக்கற்றைக் கிழித்து அக்காவிடம் கொடுத்தார். அவள் ஒன்றை முகத்துக்குக் கிட்டக் கொண்டுபோனாள். பிறகு கொஞ்சம் தூரப் பிடித்தாள்.

"தம்பி, நேற்றைய திகதி போட்டிருக்கிறீர்" என்றாள்.

அது பரவாயில்லை அம்மா என்றார் அவர். பரவாயில்லை இல்லை, செக்கர் ஏறினால் றோட்டிலை இறங்கி நிற்கப்போவது நாங்கள் என்றாள். சனம் திரும்பிப் பார்த்தது. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. விடுங்கோ அக்கா என்று கையைப் பிடித்து அமுக்கினேன். அவள் விடவில்லை. மாத்தளைக்கு வரும்வரை விடவில்லை. கடைசியில் அந்த மனிதர் அலுத்துப்போய்த் திரும்பி வந்து, இரண்டிலும் பழைய திகதியை வெட்டிப் புதியதை எழுதிக் கொடுத்தார். அக்கா வாங்கி யன்னல் வெளிச்சத்தில் பிடித்து, இரண்டு ரிக்கற்றையும் மேலிருந்து கீழே வரை, ஒரு எழுத்தும் விடாமல் வாசித்தாள்.